பூனையைப் பதற்றமில்லாமல் பயணம் கூட்டிச் செல்ல: மாத்திரைக்கு முன்னும் பின்னும்

திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ வீடு மாற்றுகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "பூனைக்குத் தூக்க மாத்திரை எவ்வளவு கொடுக்கலாம்?" என்றுதான். மாத்திரை கடைசி வேலை. கூண்டுப் பழக்கமும் கிளம்பும் நேரமும் சரியாக அமைந்தால் பல பூனைகளுக்கு அது தேவையே படாது.

படி 1: கூண்டு (மூன்று வாரம் முன்பே)

சாக்கு, கட்டைப்பை, கயிறு சுற்றிய அட்டைப்பெட்டி மூன்றும் வேண்டாம். சாக்கில் காற்று ஓடாது. அட்டை, மூத்திரம் பட்டு ஊறியதும் அடி பெயர்ந்துவிடும், அதுவும் பேருந்து நிலையத்தில்தான் பெயரும். மேல்பாதி தனியாகக் கழன்று வரும் கெட்டி பிளாஸ்டிக் கேரியர் வாங்குங்கள். பூனை நின்று திரும்பிப் படுக்க இடம் இருந்தால் போதும். ரொம்பப் பெரிதானால் வண்டி வளையும்போதெல்லாம் உள்ளே சறுக்கும்.

முதல் வாரம் மேல்பாதியைக் கழற்றி, பூனை படுத்துப் பழகிய துவர்த்தை (துண்டை) விரித்து, அது வழக்கமாகப் படுக்கும் மூலையில் வையுங்கள். உப்பில்லாமல் அவித்து முள் எடுத்த சாளை மீனைக் கொஞ்சம் உள்ளே வைத்தால் தானாகப் போகும். பிடித்துத் தள்ளாதீர்கள். ஒரு தடவை தள்ளினால் ஒரு வாரப் பழக்கம் வீண். அடுத்த வாரம் மேல்பாதியை மாட்டுங்கள், பிறகு கதவை ஒரு நிமிடம், ஐந்து நிமிடம் என்று சாத்துங்கள். கடைசி வாரம் காரில் வைத்துப் பாளையங்கோட்டை வரை ஒரு சுற்று. அப்போது வாயில் நுரை தள்ளினால், வாந்தி எடுத்தால், கத்தல் நிற்காவிட்டால் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். வெறும் வாந்திதான் என்றால் அதற்குத் தனி மருந்து உண்டு, பயத்துக்கான மருந்து தேவைப்படாது.

படி 2: மருத்துவர்

இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடமோ பூனையைக் காட்டி எடை போடுங்கள். சிறுநீரகம், இதயம், மூச்சுக் கோளாறு, சினை எதுவாக இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். அளவு மாறும், சில சமயம் மருந்தே கூடாது என்பார்கள்.

பயணப் பதற்றத்துக்கு இப்போது பெரும்பாலும் எழுதித் தருவது கேபாபென்டின். வளர்ந்த பூனைக்கு 50 முதல் 100 மில்லிகிராம் வரை வழக்கம். சிறுநீரகம் பழுதானால் குறைப்பார்கள். சீட்டில் எழுதிய அளவுதான் உங்கள் அளவு. மருந்துக்கடையில் ஒரு கண்ணி இருக்கிறது: மனிதர்களுக்கான கேபாபென்டினில் நார்ட்ரிப்டிலின், மெத்தில்கோபாலமின் என்ற வேறு மருந்துகள் கலந்த மாத்திரைகளும் விற்கின்றன. அட்டையில் கேபாபென்டின் மட்டும் இருக்கிறதா என்று படித்துப் பார்த்தே வாங்குங்கள்.

வீட்டில் கிடக்கும் தூக்க மாத்திரை, இருமல் மருந்து எதையும் தொடாதீர்கள். டயஸிபாம் மாத்திரை சில பூனைகளின் கல்லீரலைச் சிதைத்துவிடும். பாராசிட்டமால் ஒரே மாத்திரை பூனையைக் கொல்லும்.

படி 3: ஒத்திகை

பயணத்துக்குச் சில நாள் முன்பு, நீங்கள் வீட்டில் இருக்கும் ஒரு நாளில், அதே அளவைக் கொடுத்துப் பாருங்கள். கேப்சூலைத் திறந்து தூளை ஒரு தேக்கரண்டி மீனில் பிசைய வேண்டும். மருந்து கசக்கும், அதனால் சாப்பாடு முழுவதிலும் கலந்தால் பாதியை விட்டுவிட்டுப் போய்விடும். இரண்டு மூன்று மணி நேரத்தில் சோர்ந்து படுக்கும், பின்னங்கால் தள்ளாடும், கொஞ்சம் எச்சில் வடியலாம். இது எதிர்பார்த்ததுதான். தட்டினாலும் எழாவிட்டால், மூச்சு மந்தமானால் உடனே மருத்துவர்.

படி 4: கிளம்பும் நாள்

நம்மூர் வெக்கைதான் மருந்தைவிடப் பெரிய ஆபத்து. பூனைக்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. சோர்ந்திருக்கும் பூனை தவிப்பைக் கத்திக் காட்டவும் செய்யாது. மாசி முடிந்தால் பகல் பயணத்தையே மறந்துவிடுங்கள். அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறுமுன் மதுரை தாண்டிவிடலாம்.

நான்கு மணி நேரம் முன்பே முழுச் சாப்பாட்டை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்த வேண்டாம். மருந்து இரண்டு மூன்று மணி நேரம் முன்பு. பூனை பதறத் தொடங்கிய பிறகு கொடுத்தால் சரியாகப் பிடிக்காது. கூண்டை முன்சீட்டுக்குப் பின்னால் தரையில் ஆடாமல் வைத்து, பருத்தித் துணியால் மூன்று பக்கம் மூடுங்கள். நான்காம் பக்கம் காற்றுக்கு. கயத்தாறிலோ கோவில்பட்டியிலோ டீ குடிக்க நிறுத்தினால் ஒருவர் வண்டியில் ஏசியோடு இருக்க வேண்டும். எவ்வளவு கெஞ்சினாலும் கூண்டைத் திறக்காதீர்கள். நெடுஞ்சாலையில் ஓடிய பூனை கிடைப்பது அபூர்வம்.

ரயில் என்றால் முதல் வகுப்பு ஏசியில் கூபே (கதவுள்ள தனி அறை) முழுவதும் உங்களுக்கு இருக்க வேண்டும். பார்சல் அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். மருந்து கொடுத்த பூனையை பிரேக் வேனில் (பார்சல் ஏற்றும் கார்டு பெட்டியில்) போடவே கூடாது. விமான நிறுவனங்கள் மயக்கிய விலங்கைப் பொதுவாக ஏற்பதில்லை.

வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் வண்டியை நிறுத்தி, ஏசியைக் கூட்டி, ஈரத்துணியால் காது, பாதம், வயிறு துடையுங்கள். ஐஸ் தண்ணீர் ஊற்றாதீர்கள், தோலடி ரத்தக்குழாய் சுருங்கி உள்சூடு வெளியேறாது. பிறகு எந்த ஊராக இருந்தாலும் பக்கத்துக் கால்நடை மருத்துவமனை.

படி 5: இறங்கிய பிறகு

ஒரே அறை, மலம், மூத்திரம் போக மண் நிரப்பிய தட்டு, தண்ணீர், அதே துவர்த்து. கூண்டைத் திறந்து வைத்துவிட்டு விலகிவிடுங்கள். தள்ளாட்டம் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் இருக்கலாம். அதுவரை மொட்டை மாடி, பால்கனி, அலமாரி உச்சி மூன்றுக்கும் வழி அடைத்தே இருக்கட்டும். தள்ளாட்டம் நின்றதும் முதலில் ஒரு கரண்டி அளவு சாப்பாடு. அது வாந்தியாகாமல் தங்கினால் அரைமணி கழித்து மீதி. மறுநாளும் எதையும் தின்னாவிட்டால் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள், குண்டுப் பூனை என்றால் இன்னும் சீக்கிரம்: பட்டினி கிடந்தால் அதன் கல்லீரலில் கொழுப்பு படியும்.