போட்டோ பிரிண்டருக்கு ஒரிஜினல் இங்க்கா, கம்பேட்டிபிளா? முடிவு செய்யும் வழி

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் புதிதாக ஸ்டுடியோ போடுகிறவர்கள் இங்க் வாங்கக் கோவைக்கோ பொள்ளாச்சிக்கோ போவார்கள். ஒரிஜினல் என்றால் பிரிண்டர் கம்பெனியே தரும் இங்க்; கம்பேட்டிபிள் என்றால் அதே மெஷினில் ஓடும்படி வேறு கம்பெனி செய்வது. கடையில் போய் நின்றதும் விலையைத்தான் கேட்போம். அதைக் கடைசியில் கேட்டால் போதும்.

படி 1: படம் எத்தனை காலம் இருக்க வேண்டும்?

அக்ஷயா இ-சேவை மையத்தில் விண்ணப்பத்துக்குக் கொடுக்கும் பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு நல்ல கம்பேட்டிபிள் தாராளம். கல்யாண ஆல்பம், சுவரில் மாட்டும் தாத்தா படம், கல்பாத்தித் தேர் படத்தை ஃபிரேம் போட்டு விற்பது என்றால் ஒரிஜினல்தான். இதில் நான் பேரம் பேச மாட்டேன்.

படி 2: ஹெட் எங்கே இருக்கிறது?

ஹெட் என்பது பேப்பரில் இங்க்கைத் தெளிக்கும் பாகம். எப்சனில் அது மெஷினோடு சேர்ந்தது. அடைத்துக்கொண்டால் செலவு பெரிது. ஹெச்பியின் பல சின்ன மாடல்களில் ஹெட் கார்ட்ரிட்ஜிலேயே வருவதால், கார்ட்ரிட்ஜை மாற்றினால் ஹெட்டும் புதிது. அங்கே துணிந்து பார்க்கலாம். வாரண்டி முடியும்வரை மட்டும் பொறுங்கள்; வேறு இங்க்கால் வந்த பழுதை கம்பெனி ஏற்காது.

படி 3: டையா, பிக்மென்டா?

டை என்பது கரைந்த சாயம்; பிக்மென்ட் என்பது நுண்ணிய நிறத்தூள் மிதக்கும் இங்க். எப்சன் எல்805 ஆறு நிற டை இங்க் மெஷின். அதற்கு வாங்கும் கம்பேட்டிபிளும் டையாகவே இருக்க வேண்டும். இரண்டையும் கலந்தால் திரிந்து நாசில் (ஹெட்டின் நுண்துளை) அடைக்கும். அப்புறம், கம்பேட்டிபிள் வேறு, டூப்ளிகேட் வேறு. கம்பேட்டிபிள் தன் சொந்தப் பெயரில் வருகிறது. டூப்ளிகேட்டோ ஒரிஜினல் டப்பாவைப் போட்டுக்கொண்டு வரும். பில் தர யோசிக்கும் கடையில் வாங்காதீர்கள்.

படி 4: வாங்குமுன் ஒரு பிரிண்ட்

இதற்குத்தான் நேரம் செலவழிக்க வேண்டும். டேங்க் மெஷினில் இங்க்கை ஊற்றிவிட்டால் திரும்ப எடுப்பது பெரும்பாடு. அதனால் அதே மாடலில் அந்த இங்க்கை ஓட்டும் ஒருவரிடம் உங்கள் பேப்பரைக் கொடுத்து, உங்கள் படத்தையே போட்டு வாங்குங்கள். கேரளப் பெண்கள் உடுத்தும் வெண்மையான செட்டு முண்டில் எடுத்த படம் ரொம்ப நல்லது. வானமும் பட்டுப்புடவையும் எந்த இங்க்கிலும் பளிச்சென்று வந்து ஏமாற்றும். முண்டு மடிப்பின் நிழலில் பச்சையோ சிவப்போ ஏறினால் இங்க்கின் லட்சணம் தெரிந்துவிடும். பிரிண்டரை ஓட்டும் மென்பொருளான டிரைவரின் நிறக்கணக்கு கம்பெனி இங்க்குக்குப் போட்டது என்பதால் இப்படி ஆகிறது. அந்த இங்க்குக்கும் பேப்பருக்கும் ஐசிசி புரொஃபைல் (நிறத்தைச் சரிசெய்யும் கோப்பு) செய்து போட்டால் பெரும்பாலும் சரியாகும். மழைக்காலத்தில் ஒருநாள் காயவிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அடுத்து, படத்தில் பாதியை அட்டையால் மூடி வெயில் படும் ஜன்னலில் சில வாரம் ஒட்டிவையுங்கள். இன்னொரு பிரதியை வெயில் இல்லாத இடத்தில் காற்றாடத் தொங்கவிடுங்கள். காற்றில் இருக்கும் ஓசோனும் டை இங்க்கைத் தின்னும். சயான் (நீலப்பச்சை இங்க்) முதலில் போனால் முகம் செம்மண் நிறமாகும்.

படி 5: இப்போது விலை

பாட்டில் விலையை மட்டும் பார்க்காதீர்கள். வீணாகும் பேப்பர், ஹெட் கிளீனிங்கில் போகும் இங்க், அதனால் சீக்கிரம் நிறையும் வேஸ்ட் இங்க் பேட் (கழிவு இங்க்கை உறிஞ்சும் பஞ்சு) எல்லாம் கணக்கில் வரும். பாஸ்போர்ட் படமே பிழைப்பு என்றால் கம்பேட்டிபிள் லாபம்தான். வேலை இரண்டு வகையும் இருந்தால், பழைய மெஷின் ஒன்றைக் கம்பேட்டிபிளுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

படி 6: ஊற்றிய பிறகு

பாலக்காட்டுச் சித்திரை வெயிலில் சும்மா கிடக்கும் மெஷின் சீக்கிரம் அடைக்கும். வாரம் ஒரு கலர் படமாவது ஓட்டுங்கள். கம்பேட்டிபிளில் ஒரு பேட்ச் போல அடுத்தது இருக்காது. புது பாட்டில் வந்ததும் அந்த முண்டுப் படத்தையே திரும்பப் போட்டு, பழைய பிரிண்ட் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.