பிடிபடாத கருத்தை ஆங்கில உவமையில் சொல்வது எப்படி?

ஒரு கூட்டத்தில் 'தரம்' என்றால் என்னவென்று விளக்க முடியாமல் திணறி, "குவாலிட்டி இஸ் லைக் ஸ்மோக்" என்றேன். தரம் சீக்கிரம் கலைந்துவிடும் என்று சொல்வதாகக் கேட்டவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதைச் சொல்லுக்குள் பிடிக்க முடியவில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. அதற்குப் பிறகு இந்த முறையில்தான் எழுதுகிறேன்.

படி 1: கருத்து எந்த விதத்தில் நழுவுகிறது என்று தமிழில் ஒரே வரி எழுதுங்கள். நிலைத்து நிற்க மறுக்கிறதா? விளக்க விளக்கக் குழம்புகிறதா?

படி 2: அதற்கேற்ற உவமையைத் தேடுங்கள். நிலைத்து நிற்காததற்கு, ஜெல்லியைச் சுவரில் ஆணியடிப்பது. குழம்பிய விளக்கத்துக்கு "ஆஸ் க்ளியர் ஆஸ் மட்". சேறு அளவுக்குத் தெளிவு, அதாவது துளியும் தெளிவில்லை. இதில் குத்தல் உண்டு. மேலதிகாரியின் விளக்கத்தைப் பற்றிச் சொல்லிவிடாதீர்கள்.

படி 3: நான் சறுக்கிய இடம் இதுதான். பொருளை ஒப்பிடாதீர்கள், முயற்சியை ஒப்பிடுங்கள். "புகையைக் கையில் பிடிக்கப் பார்ப்பது போல" என்கிறோம் அல்லவா? அந்தப் 'பார்ப்பது'தான் ஆங்கிலத்தில் 'ட்ரையிங் டு'. ஆகவே, "டிஃபைனிங் குவாலிட்டி இஸ் லைக் ட்ரையிங் டு கேட்ச் ஸ்மோக்." முதல் பாதியிலும் 'டிஃபைனிங்' என்று ஒரு செயல் வந்திருப்பதைக் கவனியுங்கள். வெறும் 'குவாலிட்டி' என்று தொடங்கினால் ஒரு பொருளைச் செயலோடு ஒப்பிட்டதாகி, வாக்கியம் நொண்டும். "லைக் ட்ரை டு", "லைக் டு கேட்ச்" என்று எழுதினால் பிழை.

படி 4: சரிபார்ப்பு. தமிழ்–ஆங்கில அகராதி இதற்கு உதவாது. சொல்லைத் தரும், புழக்கத்தைத் தராது. ஆங்கிலம் கற்பவர்களுக்கான ஆக்ஸ்ஃபோர்ட் அல்லது கேம்பிரிட்ஜ் அகராதியில் எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படியுங்கள்.

பின்சேர்க்கை: 'லைக்' வரும் இடத்தில் 'ஆஸ்' போடலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பொருள் மாறிவிடும். "ஆஸ் எ டீச்சர்" என்றால் 'ஆசிரியராக', "லைக் எ டீச்சர்" என்றால் 'ஆசிரியர் போல'. முன்னவர் ஆசிரியரேதான்.

இன்னொரு கேள்வி, உவமையில் வருவது எந்த ஜெல்லி என்பது. முன்னாள் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1915-இல் ஒரு கடிதத்தில், கொலம்பிய ஆட்சியாளர்களோடு உடன்பாடு காண்பதை ஜெல்லியைச் சுவரில் ஆணியடிப்பதோடு ஒப்பிட்டார். அவர் சொன்னது பழ ஜெல்லி, ரொட்டியில் தடவுவது. ஆடிக் குலுங்கும் இனிப்பை அமெரிக்கர்கள் 'ஜெல்லோ' என்பார்கள். அவர்களுக்கு எழுதும்போது அந்தச் சொல்லையே போடுங்கள்.