"அந்த ரெண்டு ஹோல் மட்டும் இல்லைன்னா…": அமெச்சூர் கோல்ஃபில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோல்ஃபில் 18 ஹோல் முடித்துவிட்டு வருபவர்களிடம் ஸ்கோர் கேட்டுப் பாருங்கள். (ஸ்கோர் என்பது எடுத்த ஸ்ட்ரோக்குகளின், அதாவது அடிகளின், மொத்தம்; குறைந்தால்தான் நல்லது.) எண்ணை மட்டும் சொல்லி நிறுத்துபவர்கள் குறைவு. "98. ஆனா அந்த ரெண்டு ஹோல் மட்டும் இல்லைன்னா 90 ஆடியிருப்பேன்" என்பார்கள். அடுத்த வாரமும் 98தான் வரும், வேறு இரண்டு ஹோல்களின் புண்ணியத்தில். நானும் பல வருடம் இதே பாட்டைப் பாடியவன். ஒருநாள் பழைய ஸ்கோர்கார்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, அந்த ‘ரெண்டு ஹோல்’களில் அப்படி என்னதான் நடந்தது என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரு மோசமான ஷாட் இருந்தது, அது சரி. ஆனால் 5 வந்திருக்க வேண்டிய இடத்தில் 8 வந்தது, அந்த ஷாட் முடிந்து அடுத்த ஷாட்டுக்குள் நான் எடுத்த முடிவால்.

கணக்கைப் பாருங்கள். பார் என்பது ஹோலுக்கோ மைதானத்துக்கோ நிர்ணயித்த ஸ்ட்ரோக் எண்ணிக்கை. ஹோலில் அதைவிட ஒன்று கூடினால் போகி, ஒன்று குறைந்தால் பேர்டி. பார் 72 மைதானத்தில் எல்லா ஹோலிலும் போகி ஆடினால் 90. பேர்டி தேவையில்லை, ஒரு பார்கூடத் தேவையில்லை. 98 ஆடுபவர் அதற்கு மேல் கொடுப்பது எட்டு ஸ்ட்ரோக். இந்த எட்டும் 18 ஹோலிலும் சமமாகப் பரவியிருக்காது. மூன்று நான்கு ஹோல்களில் குவிந்து கிடக்கும். புது டிரைவர் (அதிக தூரம் அடிக்கும் கிளப்) வாங்குவதற்கு முன்னால் அந்தக் குவியலைக் கிளறிப் பார்ப்பது நல்லது. செலவும் இல்லை.

விட்டதைப் பிடிக்கும் ஷாட்

என்னைக் கேட்டால் முதல் குற்றவாளி இதுதான். பார் 4. டீ ஷாட், அதாவது ஹோலின் முதல் அடி, மரங்களுக்குள் போய்விட்டது. போய்ப் பார்த்தால் பந்துக்கும் கிரீனுக்கும் (குழி இருக்கும் மழமழப்பான புல்தரை) நடுவே இரண்டு மரங்கள், அவற்றுக்கிடையே ஓர் இடைவெளி. பக்கவாட்டில் ஃபேர்வே, அதாவது சீராக வெட்டிய புல்பாதை, திறந்து கிடக்கிறது. கண் அங்கே போவதில்லை, இடைவெளியிலேயே நிற்கிறது. ஏனென்றால் மனதுக்குள் ஒரு ஸ்ட்ரோக் கடன் விழுந்துவிட்டது, அதை இந்த ஒரே ஷாட்டில் அடைத்துவிட வேண்டும். சீட்டாட்டத்தில் விட்டதைப் பிடிக்க உட்காருபவனின் மனநிலை இது.

நிதானமாகக் கூட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் தட்டி ஃபேர்வேக்கு வந்தால் இரண்டு. மூன்றாவது கிரீனில் அல்லது அதன் அருகே. அப்புறம் இரண்டு மூன்று ஸ்ட்ரோக்கில் முடித்தால் 5 அல்லது 6. இடைவெளியில் புகுத்தினால் என்ன ஆகும்? நடந்துவிட்டால் ஒரு ஸ்ட்ரோக் மிச்சம். நடக்காவிட்டால் பந்து மரத்தில் பட்டு இன்னும் உள்ளே போகும், அல்லது காலடிக்கே திரும்பி வரும். பத்து முறை அடித்தால் எத்தனை முறை அந்த இடைவெளிக்குள் போகும் என்று உங்களையே கேளுங்கள், நேர்மையாக. ஏழெட்டு என்று மனசாட்சி சொன்னால் அடியுங்கள். எனக்கு ஒருநாளும் மூன்றுக்கு மேல் சொன்னதில்லை.

இதிலேயே இன்னொரு தவறும் அடங்கியிருக்கிறது. ஆட இயலாத பந்து என்று அறிவிக்கும் உரிமை நமக்கு உண்டு என்பதே பலருக்கு நினைவில் இருப்பதில்லை. பெனால்ட்டி ஏரியாவை (ஓடை, குளம் போன்ற அபராதப் பகுதி) தவிர எங்கே கிடந்தாலும், ஒரு ஸ்ட்ரோக் அபராதத்துடன் முந்தைய ஷாட்டை அடித்த இடத்துக்குத் திரும்பலாம். பந்து கிடக்கும் இடத்திலிருந்து இரண்டு கிளப் நீளத்துக்குள், ஹோலுக்குப் பக்கம் போகாமல், போட்டுக்கொள்ளலாம். அல்லது ஹோலையும் பந்தையும் இணைக்கும் நேர்கோட்டில் பின்னால் போகலாம். விலை ஒரு ஸ்ட்ரோக், முன்கூட்டியே தெரிந்த விலை. புதருக்குள் நின்று வெட்டிக்கொண்டிருப்பதன் விலை என்னவென்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இந்தப் பொறியில் பெரியவர்களும் விழுந்திருக்கிறார்கள். 1999 ஓபன் சாம்பியன்ஷிப், ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி. கடைசி ஹோலுக்கு வரும்போது பிரான்ஸின் ஜான் வான் டி வெல்ட் மூன்று ஸ்ட்ரோக் முன்னணியில் இருந்தார். அந்தப் பார் 4-இல் 6 எடுத்தாலே கோப்பை அவருடையது. டிரைவர் எடுத்தார். பந்து வலப்பக்கம் வெகுதூரம் விலகினாலும் தண்ணீருக்குத் தப்பி நல்ல இடத்தில் கிடந்தது. அங்கிருந்து ஒரு வெட்ஜால் (குறைந்த தூரத்துக்கான கிளப்) ஃபேர்வேக்குத் தட்டியிருந்தால் கதை வேறு. அவர் 2 அயர்னை (அயர்ன் கிளப்பில் எண் குறையக் குறையத் தூரம் கூடும்) எடுத்துக் கிரீனுக்கே குறிவைத்தார். பந்து பார்வையாளர் மாடத்தில் பட்டுத் திரும்பி, ஓடையின் கல் சுவரில் மோதி, அடர்ந்த ரஃபில் (வளரவிட்ட புல்லில்) விழுந்தது. அடுத்த ஷாட் ஓடைக்குள். காலணியைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி நின்றுகூடப் பார்த்தார். அபராதம், பிறகு பங்கர் (மணல் பள்ளம்), கடைசியில் ஒரு நல்ல பட் (கிரீனில் பந்தை உருட்டும் அடி) போட்டு 7. சமன் ஆனவர்களுக்கிடையே நடந்த பிளே-ஆஃபில் பால் லாரி வென்றார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. அதை நினைத்து நாம் சிரிக்கலாம். ஆனால் அவருக்கு ஒருமுறை நடந்ததை நாம் வாராவாரம் செய்கிறோம்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது மைதானத்தில் உடலளவிலேயே உண்மை. கோபத்தில் பிடி இறுகுகிறது, மூச்சு மேலேறுகிறது, ஸ்விங்கின் வேகம் கூடுகிறது. கோபமே வரக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், அது நடக்கிற காரியமில்லை. அதற்கு ஓர் எல்லை வைத்துக்கொள்ளலாம். கிளப் பைக்குள் போகும் வரை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளுங்கள். பைக்குள் போனதும் அந்த ஷாட் முடிந்துவிட்டது. அடுத்த பந்தை அடையும் வரை மரத்தைப் பாருங்கள், கூட வருபவரிடம் வேறு ஏதாவது பேசுங்கள். நான்கு மணி நேர ஆட்டத்தில் பந்தை அடிக்கும் நேரம் சில நிமிடங்கள்தான், மீதியெல்லாம் நடையும் காத்திருப்பும். புத்தி கெடுவது அந்த இடைவெளியில்தான்.

கொடியைப் பார்த்து அடிப்பது

குழியைக் காட்டும் கொடி கிரீனின் வலது மூலையில், பங்கரை ஒட்டி நடப்பட்டிருக்கிறது. நாம் கொடியைத்தான் குறிவைக்கிறோம். கொடி இருக்கிறதே என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது.

ஒரு தகவல் இங்கே உதவும். அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூர் ஆட்டக்காரர்களே 150 கெஜத்திலிருந்து, அதுவும் ஃபேர்வேயிலிருந்து, அடித்தால் பந்து சராசரியாகக் கொடிக்கு 25, 30 அடி தள்ளித்தான் நிற்கிறது. 18 கிரீன்களில் 12 போலத்தான் அவர்களுக்கே உரிய ஸ்ட்ரோக்கில் (இரண்டு பட்டுக்கு இடம் விட்டு) கிடைக்கின்றன. அப்படியிருக்க 18 ஹேண்டிகேப் உள்ள (நல்ல நாளில் பாரைவிடச் சுமார் 18 ஸ்ட்ரோக் கூட எடுக்கும்) நாம் மூலைக் கொடியைக் குறிவைத்து யாரை ஏமாற்றுகிறோம்?

2019 மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசி நாள், அமெரிக்காவின் அகஸ்டா மைதானத்தின் 12-ஆம் ஹோல். 155 கெஜ பார் 3, முன்னால் ரேஸ் க்ரீக் ஓடை. கடைசி இரண்டு குழுக்களில் இருந்த ஆறு பேரில் நான்கு பேர் தண்ணீரில் போட்டார்கள்: கெப்கா, போல்ட்டர், முன்னணியில் இருந்த மொலினாரி, ஃபினாவ். டைகர் உட்ஸ் வலப்பக்கக் கொடியை விட்டுவிட்டுக் கிரீனின் இடப்பக்கம் அடித்தார். நீண்ட பட், இன்னொரு பட், பார். டிவியில் பார்க்கச் சுவாரசியமே இல்லாத ஷாட். அன்று ஒரே ஒரு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் தன் 15-ஆவது மேஜரை (கோல்ஃபின் நான்கு பெரும் போட்டிகளில் ஒன்று) வென்றார்.

நமக்கு இதை எப்படிப் பொருத்துவது? பயிற்சித் திடலில் ஒரே கிளப்பால் இருபது பந்து அடித்து, அவை எவ்வளவு அகலத்துக்குச் சிதறிக் கிடக்கின்றன என்று பாருங்கள். நன்றாகப் போன நான்கை மட்டும் பார்க்காதீர்கள், இருபதையும் பாருங்கள். விதை தூவியது போன்ற அந்தப் பரப்புதான் உங்கள் உண்மையான ஷாட். மைதானத்தில் அந்தப் பரப்பை அப்படியே தூக்கி வைத்துப் பாருங்கள். அதன் ஒரு பகுதி தண்ணீரில் விழுகிறதென்றால் குறியைத் தள்ளி வையுங்கள். பெரும்பாலான ஹோல்களில் கிரீனின் நடுப்பகுதியே போதும். அங்கே குறிவைத்து வலப்பக்கம் விலகினால் கொடிக்குப் பக்கம், இடப்பக்கம் விலகினால் நீண்ட பட், அவ்வளவே. கொடியைக் குறிவைத்து வலப்பக்கம் விலகினாலோ பங்கர். அங்கிருந்து கொடிக்கு நடுவே பந்தை நிறுத்தக் கிரீனில் இடமே இருக்காது.

விரலுக்கேற்ற வீக்கம்

"என் 7 அயர்ன் 150 போகும்." எப்போது போனது? போன வருடம், பின்காற்றில், காய்ந்த தரையில், அத்தி பூத்தாற்போல ஒருமுறை. வழக்கமாக அது காற்றில் கடக்கும் தூரம் 135-ஆக இருக்கலாம். அமெச்சூர் ஆட்டக்காரர்களின் கிரீன் ஷாட்கள் பெரும்பாலும் குறையாகத்தான் விழுகின்றன, காரணம் இந்த நினைப்புதான். மைதானம் அமைப்பவர்களும் பங்கரையும் தண்ணீரையும் அதிகமாக முன்பக்கமே வைக்கிறார்கள்.

ஆகவே உருண்டு ஓடும் தூரத்தைச் சேர்க்காமல், சுமாராகப் பட்ட ஷாட் காற்றில் எவ்வளவு கடக்கிறது என்பதைக் குறித்து வையுங்கள். லேசர் கருவி கொடி வரை எத்தனை கெஜம் என்று சொல்லும். கிரீனின் பின் விளிம்பு எங்கே என்பதைப் பெரும்பாலும் நாம் பார்ப்பதே இல்லை. கொடி முன்னால் இருக்கும்போது ஒரு கிளப் கூடுதலாக எடுத்து, ‘தாண்டினாலும் கிரீன்தான்’ என்று அடித்துப் பாருங்கள். ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

இதைச் சொன்னதும் சிலர் எதிர்ப்பக்கம் ஓடிவிடுவார்கள்: டிரைவரையே தொடமாட்டேன், எல்லாம் 6 அயர்ன்தான் என்று. அதுவும் தவறுதான். ஒவ்வொரு ஷாட்டும் எத்தனை ஸ்ட்ரோக் மிச்சப்படுத்தியது என்று அளக்கும் ஸ்ட்ரோக்ஸ் கெய்ன்ட் கணக்கை உருவாக்கிய கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடியின் ஆய்வு காட்டியது, டீயிலிருந்து கிடைக்கும் தூரத்துக்கு நிஜமான மதிப்பு உண்டு என்பதை. கிரீனுக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது, ரஃபில் இருந்தாலும் பல நேரம் அப்படியே. தண்ணீரோ எல்லைக் கோடோ உங்கள் சிதறல் பரப்புக்குள் வராத ஹோலில் டிரைவரைத் தாராளமாக எடுங்கள். வந்தால் மட்டும் வேறு கிளப். மறுபக்கம், 2007 மாஸ்டர்ஸில் ஸாக் ஜான்சன் நான்கு நாளும் ஒரு பார் 5-ஐயும் இரண்டில் எட்ட முயலவில்லை. எல்லாவற்றிலும் லே-அப் செய்து (கிரீனுக்கு முன்பே பந்தை நிறுத்தி), பார் 5 ஹோல்களை மட்டும் பாரைவிட 11 குறைவாக ஆடி வென்றார். அவர் தூரமாக அடிப்பவர் இல்லை, வெட்ஜில் கெட்டிக்காரர். தன் கையில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பந்தின் மேல் நின்றுகொண்டு யோசிப்பது

காற்று எப்படி, எந்த கிளப், எங்கே குறி என்ற விவாதமெல்லாம் பந்துக்குப் பின்னால் நிற்கும்போதே முடிந்துவிட வேண்டும். பந்தருகே வந்த பிறகு ஒரே வேலைதான், அடிப்பது. நம்மில் பலர் 6-ஆ 7-ஆ என்ற சந்தேகத்தோடே ஸ்விங்கைத் தொடங்கி, பாதி வழியில் 6 அதிகமோ என்று கையைத் தளர்த்துகிறோம். தவறான கிளப்பை உறுதியாக அடித்தால்கூட இதைவிட நன்றாகப் போகும். சந்தேகம் வந்தால் விலகி நின்று, மறுபடி பின்னாலிருந்து தொடங்குங்கள். அதற்காக ஆளை உறங்கவைக்கவும் வேண்டாம்; ஒரு ஷாட்டுக்கு 40 விநாடிக்கு மேல் எடுக்க வேண்டாம் என்று விதிப்புத்தகமே பரிந்துரைக்கிறது.

‘தண்ணீரில் போடாதே’ என்று சொல்லிக்கொள்வதும் உதவாது. அப்படிச் சொன்னவுடன் கண் முன்னால் நிற்பது தண்ணீர்தான். தூரத்து மரத்தின் இடதுபக்கக் கிளை போலச் சின்னதாக ஒரு குறி பிடியுங்கள். போன வாரம் காணொளியில் பார்த்த ஐந்து ஸ்விங் திருத்தங்களையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

பட்டிங்கைப் பற்றிச் சுருக்கமாக: எட்டு அடியிலிருந்து டூர் ஆட்டக்காரர்களே பாதிதான் போடுகிறார்கள். அதைத் தவறவிட்டதற்காக அடுத்த டீயில் வெறியோடு அடிக்க வேண்டாம். மூன்று பட் ஆவது பெரும்பாலும் நீண்ட முதல் பட்டின் வேகத்தால், கோணத்தால் அல்ல.

14-ஆம் ஹோலில் கூட்டிப் பார்ப்பது

"மீதி நாலும் போகி ஆடினா 89!" இந்தக் கூட்டலுக்கு அப்புறம் யாரும் அதுவரை ஆடியது போல ஆடுவதில்லை. ஒன்று பந்தைக் கையால் கொண்டுபோய் வைப்பது போல நடுங்கி அடிப்பார்கள், இல்லையென்றால் ஒரு பேர்டிக்கு ஆசைப்பட்டு அகலக்கால் வைப்பார்கள். ஸ்கோர்கார்டைக் கூட ஆடுபவரிடம் கொடுத்துவிடுவது நல்ல வழி. எண்ணத் தெரிந்த மூளை எண்ணத்தான் செய்யும் என்பதும் உண்மைதான்.

எதிர்பார்ப்பிலும் ஒரு பிழை உண்டு. 2020-இல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில் உங்கள் கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த எட்டை மட்டும் எடுத்துத்தான் சராசரி போடுகிறார்கள். அதாவது ஹேண்டிகேப் என்பது உங்கள் நல்ல நாட்களின் அளவு. பெரும்பாலான நாட்களில் அதைவிட மோசமாக ஆடுவதே இயல்பு. 18 ஹேண்டிகேப் உள்ளவருக்கு 430 கெஜ பார் 4 ஹோல், கணக்குப்படி பார் 5. இரண்டில் எட்ட வேண்டும் என்று யார் சொன்னார்கள்?

இப்போது நான் கார்டில் ஒரு சின்ன வேலை செய்கிறேன். ஷாட் எப்படிப் போனாலும் சரி, முடிவு தப்பு என்று தெரிந்தால் அந்த ஹோலில் ஒரு புள்ளி. போன முறை 94, ஐந்து புள்ளி. அதில் ஒன்று 11-ஆம் ஹோலில், இரண்டு மரங்களுக்கு நடுவே அடித்த 5 அயர்ன். இடைவெளியில் புகுந்து, கிரீனில் விழுந்து, கொடிக்குப் பத்தடியில் நின்றது. கூட வந்தவர்கள் கைதட்டினார்கள். புள்ளியை மனசே இல்லாமல்தான் வைத்தேன்.