2090 ஓசூரில் ஒரு மொட்டைக் கடுதாசி: சைபர்பங்க் ஆட்டத்தில் பெயரில்லாச் செய்திகளை நடத்தும் முறை

ஆளுக்கொரு கேரக்டராகப் பகடை உருட்டிக் கதை ஆடுகிற, கம்பெனிகளே ஊரை ஆளும் எதிர்காலத்தில் நடக்கிற சைபர்பங்க் ஆட்டத்தில், பெயர் சொல்லாமல் செய்தி அனுப்ப வழி இல்லாவிட்டால் கதை நகராது. ஆனால் நல்ல குழுக்கள் உடைவதும் பெரும்பாலும் இதனால்தான். கேரக்டரைத் திட்டுவதாக ஆரம்பித்தது ஆடுகிற ஆளின் மேல் போய் விழும். எழுதியது யார் என்று தெரியாததால் அவரால் கேட்கவும் முடியாது. கிருஷ்ணகிரி ஐந்து ரோடு ரவுண்டானா பக்கம் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஞாயிறு மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளேயே ஆட்டம் நடத்துவோம். இரண்டிலும் கண்டதை வைத்து இதை எழுதுகிறேன்.

ஒரு விதியை மட்டும் முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிச் சம்மதம் வாங்கிவிடுங்கள். கேரக்டர் யாருக்கும் தெரியாமல் ஒளிந்துகொள்ளலாம். ஆடுகிறவர் கதையை நடத்தும் கேம் மாஸ்டரிடம், அதாவது உங்களிடம், ஒளியக் கூடாது. ஒவ்வொரு செய்திச் சீட்டும் உங்கள் கை வழியாகத்தான் போக வேண்டும். இதற்குச் சம்மதிக்காதவரை வைத்துக்கொண்டு இந்தக் கதையைத் தொடங்காதீர்கள்.

எங்கள் கதையில் சிப்காட் முழுக்க மூன்று கம்பெனிகளின் கையில் இருக்கிறது. காவல், குடிதண்ணீர், பள்ளிக்கூடம் எல்லாம் அவர்களே. கெலவரப்பள்ளி அணையில் மதகைத் திறந்தால் பெங்களூர்க் கழிவோடு தென்பெண்ணை நுரைத்துக்கொண்டு வருவதை நாம் இன்றைக்கே பார்க்கிறோம். கதையில் அந்த நுரை ஓசூர்த் தெருவுக்குள் வந்துவிட்டது. ஆற்றில் என்ன கலக்கிறார்கள் என்று தெரிந்த ஷிப்ட் சூப்பர்வைசர் ஒருவர் வாயைத் திறந்தால் வேலை போகும், கம்பெனி குவார்ட்டர்ஸும் போகும். அவருக்காகத்தான் பெயர் சொல்லாமல் செய்தி அனுப்பும் ‘மொட்டை’ என்ற வலை. அதே வலையில் கம்பெனி ஆட்களும் நுழைந்து, வாயைத் திறந்தவரை விரட்டலாம். இந்த இரண்டையும் ஆடுகிறவர்கள் நேரில் உணர வேண்டும். அதற்குத்தான் இத்தனை ஏற்பாடும்.

‘மொட்டை’யில் செய்தி மூன்று தரகர்கள் கைமாறிப் போகும். அது போகும் விதத்தைக் கையால் செய்து காட்டுங்கள். ஒரு துண்டுச் சீட்டு, ஒன்றுக்குள் ஒன்று போகிற அளவில் மூன்று காகித உறைகள், அவ்வளவுதான். சீட்டைச் சின்ன உறையில் போட்டு அதன்மேல் யாருக்கு என்று எழுத வேண்டும். அதை நடு உறையில் போட்டு மூன்றாவது தரகர் பெயர், அதைப் பெரிய உறையில் போட்டு இரண்டாவது தரகர் பெயர். பெரிய உறை முதல் தரகரிடம் போகிறது. இரண்டாமவர் பெரியதைப் பிரிப்பார், மூன்றாமவர் நடுவிலுள்ளதைப் பிரிப்பார். ஒவ்வொருவருக்கும் தனக்குக் கொடுத்தவரும் தான் கொடுக்க வேண்டியவரும் மட்டும்தான் தெரியும். முதல் தரகருக்கு அனுப்பியவரைத் தெரியும், யாருக்கு என்று தெரியாது. கடைசித் தரகருக்கு யாருக்கு என்று தெரியும், அனுப்பியவர் தெரியாது. 1990-களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் உருவான வெங்காய முறை இதுதான். இணையத்தில் ஆளை மறைக்கும் டார் வலை இன்றும் இப்படித்தான் ஓடுகிறது. உறையை ஒருமுறை பிரித்துப் பார்த்தவருக்கு விளக்கமே தேவைப்படாது.

அப்புறம் விலை. ஒவ்வொரு மொட்டைச் செய்திக்கும் அனுப்பும் கேரக்டரின் பெயர் ஒட்டிய டம்ளரில் ஒரு புளியங்கொட்டை விழ வேண்டும். டம்ளர்கள் மற்றவர்கள் பார்க்காதபடி நீங்கள் வைக்கும் தடுப்புக்குப் பின்னால் இருக்கட்டும். யாராவது தடம் பிடிக்க முயன்றால் பத்துமுகப் பகடையை உருட்டுவார். விழுந்த எண் கொட்டைகளின் எண்ணிக்கைக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் ஒரு தரகர் சிக்குவார். ஒரு செய்தியோடு நிறுத்தியவரின் தரகர் சிக்கப் பத்தில் ஒரு வாய்ப்புதான். ஆறு செய்தி அனுப்பியவருக்கு அது பத்தில் ஆறு. உண்மையைச் சொல்லிவிட்டு ஒதுங்குகிறவர் தப்பிப்பார், விடாமல் துரத்துகிறவர் மாட்டுவார். முதல் தரகரும் கடைசித் தரகரும் ஒருசேர மாட்டினால் நடுவில் இருப்பவர் தேவையே இல்லை: இங்கே உறை கிளம்பிய நேரத்தையும் அங்கே சேர்ந்த நேரத்தையும் ஒப்பிட்டாலே ஆள் வெளியே வந்துவிடுவார். நிஜ வலைக்கும் இதே பலவீனம் உண்டு.

துப்பு வேண்டுமென்றால் பகடையை மட்டும் நம்பாதீர்கள். சிம்மை மாற்றினால் போதும் என்று நினைக்கிற கேரக்டர் ஒன்றாவது எப்போதும் இருக்கும். போனுக்கென்று 15 இலக்க ஐஎம்இஐ எண் தனியாக இருக்கிறது, ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அழுத்தினால் திரையில் வரும். சிம் புதிதானாலும் டவருக்குப் போவது அதே பழைய எண். இதைவிட எனக்குப் பிடித்த துப்பு எழுத்துதான். ஓசூரில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வீட்டில் புழங்கும். எழுதுகிற தமிழிலும் அது தெரியும். எங்கள் கதையில் மிரட்டல்காரர் ஒவ்வொரு வரியையும் இரண்டு புள்ளி வைத்து முடிப்பார், கேள்விக்குறிக்கு முன்னால் ஓர் இடம் விடுவார். கம்பெனி கேன்டீன் அறிவிப்புப் பலகையிலும் அதே இரண்டு புள்ளி, அதே இடைவெளி. எங்களோடு ஆடும் ஒரு கல்லூரிப் பெண் அந்தப் பலகைச் சீட்டையும் மிரட்டல் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்று யாரும் பகடையைத் தொடவே இல்லை.

துன்புறுத்தலைக் கதையில் காட்டும்போது வசவை வாசிக்காதீர்கள். ‘இரவு முழுக்க அவளுடைய போன் அதிர்ந்துகொண்டே இருந்தது, காலையில் வீட்டுக்காரர் வந்து எப்போது காலி செய்கிறீர்கள் என்று கேட்டார்’ என்று சொன்னால் போதும், மேசையே அமைதியாகிவிடும். துரத்துகிற வேலையை எப்போதும் நீங்கள் ஆட்டுவிக்கும் கேரக்டர்களிடம் கொடுங்கள். ஆட வந்தவர்களில் ஒருவர் இன்னொருவரைப் பெயர் மறைத்துத் துரத்தும்படி வைக்காதீர்கள். இலக்காகும் கேரக்டரைப் பெண் ஆடுகிறார் என்றால் முன்கூட்டியே தனியாகக் கேட்டு, அவர் சரி என்றால் மட்டும் செய்யுங்கள். துரத்தப்படுகிறவர் கையில் எப்போதும் இரண்டு மூன்று வழிகள் இருக்கட்டும்: ஆதாரம் சேர்க்கலாம், துணைக்கு ஆள் தேடலாம், தரகரை விலைக்கு வாங்கலாம். வாங்கிக் கட்டிக்கொள்வது மட்டுமே அவருடைய வேலை என்றால் அது ஆட்டமே இல்லை.

சாதிப் பெயரும் மார்ஃபிங் படமும் எங்கள் மேசைக்கு வரவே வராது. 2012-ல் சாதி மாறிய ஒரு திருமணத்தை ஒட்டி தலித் குடியிருப்பான நத்தம் காலனி எரிக்கப்பட்டது பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தில்தான். 2090 என்று போட்டுக்கொண்டால் அது வெறும் கதையாகிவிடாது. இவை தவிர யாருக்காவது எதுவாவது தாங்கவில்லை என்றால் அதற்கு ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் உருவாக்கிய எக்ஸ் கார்டு இருக்கிறது: பெருக்கல் குறி போட்ட ஓர் அட்டையை மேசை நடுவில் வையுங்கள். யார் தொட்டாலும் அந்தக் காட்சி அங்கேயே நின்றுவிடும், காரணம் கேட்கக் கூடாது.

வார நாட்களில்தான் கவனம் அதிகம் வேண்டும். இரண்டு ஞாயிறுகளுக்கு நடுவில் ஆட்டச் செய்திகளைப் போனில் அனுப்ப ஆசை வரும். அனுப்பட்டும், ஆனால் உங்களுக்குத்தான். நீங்கள் பார்த்துவிட்டு முன்னால் ‘ஆட்டம்’ என்று எழுதி உரியவருக்கு அனுப்புங்கள். தெரியாத எண்ணிலிருந்து நள்ளிரவில் வரும் செய்தி, கேரக்டர் பெயரில் வந்தாலும் ஆட்டத்தில் சேராது. பெயர் சொல்லாமல் மனதில் உள்ளதைச் சொல்லலாம் என்று 2017-ல் ஊரெல்லாம் பரவிய சராஹா செயலியை, மிரட்டலும் வசவும் பெருகிப்போய் 2018-ல் ஆப்பிளும் கூகுளும் தங்கள் கடைகளிலிருந்து எடுத்துவிட்டன. கேட்க ஆள் இல்லாத இடத்தில் அப்படித்தான் ஆகும்.

விளையாட்டு எல்லை தாண்டி நிஜமாகவே ஒருவருக்கு மிரட்டல் வந்தால் கதையை மூடிவையுங்கள். கடைக்கு இப்படி வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, ‘அண்ணா, இதெல்லாம் அழிச்சுடுங்க.’ அழிக்க வேண்டாம். அனுப்பியவரின் எண் அல்லது கணக்குப் பெயர், தேதி, நேரம் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நம்பிக்கையான இன்னொருவர் போனுக்கும் அனுப்பிவிட்டு, அப்புறம் பிளாக் செய்யுங்கள். மத்திய அரசின் சைபர் குற்றப் புகார்த் தளத்தில் புகார் பதியலாம். பெண்கள், குழந்தைகள் மீதான ஆபாசக் குற்றங்களைப் பெயர் சொல்லாமலே தெரிவிக்கவும் அதில் வழி உண்டு. உதவி எண் பெண்களுக்கு 181, பதினெட்டு வயதுக்குள் என்றால் 1098. 1930 எண் பணம் பறிபோனவர்களுக்கானது. குற்றங்களுக்கான சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 351(4)-ன்படி, பெயரை மறைத்து மிரட்டினால் மிரட்டலுக்கான தண்டனைக்கு மேல் இரண்டு ஆண்டு வரை கூடுதல் சிறை உண்டு. குழுவில் யாருக்காவது ‘சும்மா விளையாட்டுக்கு’ என்ற எண்ணம் இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள்.

எல்லாச் சீட்டுகளையும் தேதி போட்டு ஒரு கவரில் வைத்திருங்கள். கதை முடிகிற ஞாயிறு அதைப் பிரித்து, எது யார் எழுதியது என்று எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். அன்று பகடையை எடுத்து வைத்துவிட்டு, அவரவர் சொந்தப் பெயரில் பேச அரை மணி நேரமாவது விடுங்கள். பேசாமல் எழுந்து போனவர் இருந்தால் மறுநாள் நீங்களே போன் செய்து கேளுங்கள்.