மடக்குக் கத்தி: கூர்மைக்கு முன் பூட்டைப் பாருங்கள்

மடக்குக் கத்தி வாங்கும்போது எல்லோரும் அலகின் கூர்மையைத்தான் பார்க்கிறார்கள். நான் முதலில், திறந்த அலகு தானாக மடங்காமல் பிடிக்கும் பூட்டைப் பார்ப்பேன். சிறிய கத்திகள் பலவற்றில் பூட்டே கிடையாது, முதுகுப் பக்க ஸ்பிரிங் மட்டும் அலகைப் பிடித்து நிறுத்தும். பழம் நறுக்க, உறை பிரிக்க அது போதும். முனையால் குத்தித் துளை போடப் போனால் அலகு மடங்கி விரலில் இறங்கிவிடும்.

லைனர் லாக் என்ற பூட்டு வகையில், கைப்பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு பக்கவாட்டில் நகர்ந்து அலகின் அடியில் முட்டுக்கொடுக்கும். ஒரே கையால் திறந்து மூடலாம். ஒரு சிக்கல்: மூடும்போது தகட்டைத் தள்ளும் கட்டைவிரல் அலகு வரும் வழியிலேயே நிற்கும். அலகு அசைந்து கொஞ்சம் மடங்கியதுமே விரலை எடுத்துவிடுங்கள். ஃபிரேம் லாக்கும் இதே கதைதான், கைப்பிடியின் ஒரு பக்கமே தகடாக வேலை செய்வதால் தடிமன் கூடுதல்.

பேக் லாக்கில் முதுகிலுள்ள பட்டையை அழுத்த வேண்டும். விரல் வழியில் வராது, ஆனால் மூடப் பெரும்பாலும் இரண்டு கையும் தேவைப்படும். ஓபினெல் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் கத்தியில் 1955-இல் வந்த வளையப் பூட்டு எனக்குப் பிடித்தது. திருகினால் அலகு நிற்கும், சரி, திருக மறந்தால்?

எந்தப் பூட்டானாலும் பையிலிருக்கும் நூலும் மண்ணும் உள்ளே சேரும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் அவ்வப்போது தட்டிவிடுங்கள்.