பெயர்ச்சீட்டு தொலைந்தால் செடியும் போச்சு

தாவரவியல் பூங்காவில் ஒரு செடி வாடினால் யார் கண்ணிலாவது படும். அதன் பெயர்ச்சீட்டு இடம் மாறினால் படாது. என்னைக் கேட்டால் இதுதான் பெரிய நஷ்டம். எந்த ஆண்டு வந்தது, எந்தக் காட்டில் எடுத்தது, விதையா தண்டா என்ற விவரமெல்லாம் சீட்டிலுள்ள பதிவு எண்ணோடு கட்டுண்டது. எண் போனால் மிஞ்சுவது வெறும் அழகுச் செடி.

பெரும்பாலும் தொட்டி மாற்றும்போதுதான் இது நடக்கும். பத்துச் சீட்டையும் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு, "அப்புறம் செருகிக்கலாம்" என்று டீ குடிக்கப் போவார்கள். ஒரு தொட்டியை முடித்துச் சீட்டைச் செருகிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். பென்சிலில் எழுதுங்கள், மார்க்கர் மை வெயிலில் வெளுத்துவிடும். மரத்தில் சீட்டுக் கம்பியை இறுக்கிக் கட்டவும் கூடாது. மரம் பருக்கப் பருக்க அது பட்டைக்குள் புதைந்துவிடும்.

அடுத்த தவறு, எத்தனை செடி என்று தலையை எண்ணி நிம்மதியாக இருந்துவிடுவது. தென்னாப்பிரிக்காவின் ங்கோயே காட்டில் 1895இல் கண்டெடுத்த என்செபலார்டாஸ் வூடியை என்ற, பனைபோலத் தெரியும் சைக்கட் மரம் ஒரே தூர், அதுவும் ஆண். இன்று பூங்காக்களில் இருப்பவை எல்லாம் அதன் வழி வந்த பக்கக்கன்றுகள். எத்தனை இருந்தாலும் கணக்குக்கு ஒன்றுதான். பெண் மரம் இல்லாமல் விதை ஏது? உறவுக்கார இனத்துப் பெண் மரத்தோடு சேர்த்து எடுத்த விதையைக் கலப்பினம் என்றே பதிய வேண்டும்.

"அல்லிதானே" என்று பொதுவாக நினைப்பதும் ஆபத்து. ருவாண்டாவின் வெந்நீர் ஊற்றோரச் சேற்றில் வளர்ந்த குட்டி அல்லி, நிம்பியா தெர்மாரம். மற்ற அல்லிகளைப் போல நீருக்குள் முளைக்கவிட்டபோது நாற்று தேறவே இல்லை. லண்டன் கியூ பூங்காவின் தோட்டக்கலைஞர் கார்லோஸ் மக்தலேனா நீரை மண்மட்டத்துக்கு இறக்கி, காற்றிலுள்ள கரியமில வாயு நாற்றுக்குக் கிடைக்கும்படி செய்தார். 2009இல் பூத்தது. 2014 ஜனவரியில் அங்கே ஒரு செடி திருட்டுப் போனது. நல்லவேளை, கைவசம் வேறு செடிகள் இருந்தன.

மண்ணை மறப்பதையும் சொல்லிவிடுகிறேன். கியூவில் டர்னர் ஓக் என்ற முதிய மரம் நலிந்துகொண்டிருந்தது. 1987 அக்டோபர் புயல் அதை வேரோடு தூக்கி, அதே குழியில் திரும்ப உட்காரவைத்தது. மூன்றே ஆண்டில் மரம் தழைத்தது! பார்வையாளர்களின் காலடி பட்டுப் பட்டு மண் இறுகி, வேருக்குக் காற்றுப் போகாமல் இருந்திருக்கிறது; புயல் அந்த மண்ணை இளக்கிவிட்டது. இப்போது அங்கே மரத்தடியில் வாயுவை அழுத்தத்தோடு செலுத்தி மண்ணை இளக்குகிறார்கள்.