தருமபுரி, கிருஷ்ணகிரியில் நல்ல பேக்கரியும் இனிப்புக் கடையும் தேடிப் பிடிப்பது எப்படி?

தருமபுரிக்கோ கிருஷ்ணகிரிக்கோ மாற்றலாகி வருபவர்கள் வீடு, பால், தண்ணீர் மூன்றையும் ஒழுங்கு செய்துகொண்ட பிறகு மாலை நேரத்தில் விசாரிக்கத் தொடங்குவது பெரும்பாலும் பேக்கரியைத்தான். கைப்பேசியில் தேடினால் நாலைந்து பெயர்கள் உடனே வந்து நிற்கும். அவற்றில் முன்னால் இருப்பவை அநேகமாக நெடுஞ்சாலையை ஒட்டிய கடைகளாக இருக்கும் என்பதையும், அது ஏன் என்பதையும் முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

பெங்களூருவிலிருந்து சேலம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44 இந்த இரண்டு ஊர்களையும் தொட்டுக்கொண்டு போகிறது. சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் தேசிய நெடுஞ்சாலை 48 கிருஷ்ணகிரியில் வந்து சேர்கிறது. ஆகவே இங்குள்ள கடைகளைப் போகிறவர்களை நம்பி நடப்பவை, இருக்கிறவர்களை நம்பி நடப்பவை என இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம். நெடுஞ்சாலைக் கடைக்கு நட்சத்திரம் போட்டவர் பதினைந்து நிமிடம் வண்டியை நிறுத்தி, டீயும் பப்ஸும் சாப்பிட்டுவிட்டு, ஓசூரைத் தாண்டும்போது மதிப்பெண் இட்டவராக இருக்கக்கூடும். அந்தக் கடைகள் மோசமானவை என்று சொல்லிவிட முடியாது. விற்பனை வேகம் மிகுதியாக இருப்பதால் சரக்கு பழையதாகும் வாய்ப்பு அங்கே குறைவுதான். ஆனால் இன்று விற்ற பன் சரியில்லை என்றால் நாளைக் காலையில் அதே ஆள் வந்து முகத்துக்கு நேரே கேட்பார் என்ற அச்சம் ஊருக்குள் இருக்கும் கடைக்காரருக்கே உண்டு. தினமும் சாப்பிடுவதற்கான கடையைத் தேடுகிறவர் தருமபுரியில் நான்கு ரோட்டிலிருந்து கடைவீதிப் பக்கமும், கிருஷ்ணகிரியில் பழையபேட்டைப் பக்கத் தெருக்களிலும் ஒரு மாலை நடந்துவிட்டு வருவது, கைப்பேசியில் ஒரு மணி நேரம் தேடுவதைவிடப் பயன் தரும்.

யாரிடம் கேட்பது என்பதைவிட, எப்படிக் கேட்பது என்பதில் கவனம் வேண்டும். “இங்கே நல்ல பேக்கரி எது?” என்று கேட்டால், பெரிய பெயர்ப்பலகை உள்ள கடையின் பெயரே பதிலாக வரும். அதே ஆளிடம் “உங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் கேக் எங்கே சொல்வீர்கள்?”, “சம்பந்தி வீட்டுக்குப் போகும்போது இனிப்பு எங்கே வாங்குவீர்கள்?”, “காய்ச்சலில் படுத்திருப்பவருக்கு பிரெட் எங்கே வாங்குவீர்கள்?” என்று தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள், மூன்று வெவ்வேறு கடைகள் வந்தாலும் வியப்பதற்கில்லை. மூன்றில் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைத்தான் நான் அதிகம் மதிப்பேன். சம்பந்தி வீட்டுக்கு வாங்குகிறவர் பெட்டியின் அழகையும் பார்ப்பார். நோயாளிக்கு வாங்குகிறவர் பண்டத்தை மட்டுமே பார்ப்பார். டீக்கடை மாஸ்டரிடமும் ஒரு வார்த்தை கேட்கலாம். அவர் கண்ணாடி ஜாடியில் வைத்திருக்கும் பன்னும் பட்டர் பிஸ்கட்டும் ஊருக்குள் ஏதோ ஓர் அடுப்பிலிருந்துதான் விடியற்காலையில் வண்டியேறி வருகின்றன. பல கடைகளுக்கு ஒரே இடத்திலிருந்து சரக்கு வருகிறது என்று தெரிந்தால் அந்த இடத்தையே நேராகத் தேடிப் போய்விடலாம்.

கடையைக் கண்டுபிடித்த பிறகு அறியவேண்டியது அடுப்பு நேரம். பேக்கரிப் பண்டம் எதுவாக இருந்தாலும் அதற்கென்று ஒரு வேளை உண்டு; அதைத் தவறவிட்டால் நல்ல கடையின் சரக்கும் சுமாராகத்தான் இருக்கும். “அண்ணா, அடுத்த தட்டு எப்போ வரும்?” என்று கேளுங்கள். சொந்தமாக அடுப்பு வைத்திருப்பவர் “நாலரைக்கு வாங்க சார்” என்று யோசிக்காமல் சொல்வார். வெளியிலிருந்து வாங்கி விற்பவர் “எப்பவும் இருக்கும்” என்பார். இந்த ஒரு பதிலில் பாதி விஷயம் விளங்கிவிடும்.

பப்ஸைப் பொறுத்தவரை, பல்பு எரியும் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அந்தப் பெட்டி சூட்டைக் காக்குமே தவிர மொறுமொறுப்பைக் காக்காது. உள்ளிருக்கும் மசாலாவின் ஈரம் மெல்ல இறங்கி அடிப்பக்கத்தைத் தொளதொளவென்று ஆக்கிவிடும். வாங்கியதும் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கமும் பொன்னிறமாக, தாளில் எண்ணெய்த் திட்டு பெரிதாகப் படியாமல் இருந்தால், அது தட்டிலிருந்து இறங்கி அதிக நேரமாகவில்லை. கடித்தவுடன் மேலடுக்குகள் உதிர்ந்து சட்டையில் விழவேண்டும். சாப்பிட்டு முடித்த பிறகும் மேலண்ணத்தில் மெழுகு போல ஏதோ ஒட்டிக்கொண்டே இருந்தால், மாவு மடிக்கப் பயன்படுத்திய கொழுப்பு மட்டமானது என்று பொருள்.

ஒரு பேக்கரியின் தரத்தைச் சோதிக்க கேக்கை வாங்குவதைவிடச் சாதாரண பிரெட்டை வாங்குவதே மேல். கேக்கில் சர்க்கரையும் எசென்ஸும் பல குறைகளை மறைத்துவிடும். பிரெட்டில் மறைக்க எதுவும் இல்லை. மேல்தோல் சீரான பழுப்பில் இருக்கவேண்டும். பக்கவாட்டில் விரலால் அழுத்தினால் குழி மெல்ல எழும்பி மறையவேண்டும். முகர்ந்தால் கோதுமை மணம் வரவேண்டும், ஈஸ்டின் புளித்த நெடி தூக்கலாக வரக்கூடாது. அடுப்பிலிருந்து இறங்கிய பிரெட்டை உடனே வெட்டினால் உள்ளே இருக்கும் ஆவியினால் துண்டுகள் நசுங்கி ஒட்டிக்கொள்ளும். “சூடா இருக்கு, இப்ப வெட்ட முடியாது, அரை மணி கழிச்சு வாங்க” என்று வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பும் கடையை நான் தயங்காமல் நம்புவேன். வாங்கிவந்த பிரெட்டைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. பூஞ்சை பிடிப்பது தள்ளிப்போகும் என்றாலும், வெளியே இருப்பதைவிட அங்கே பிரெட் சீக்கிரம் வறண்டு கெட்டியாகிவிடும்.

இந்த வட்டாரத்தில் ‘பெங்களூர் அய்யங்கார் பேக்கரி’ என்ற பெயர்ப்பலகை அடிக்கடி கண்ணில் படும். ஹாசன் பகுதியிலிருந்து வந்த ஐயங்கார் குடும்பம் 1898-இல் பெங்களூரு சிக்பேட்டையில் தொடங்கிய கடையே இந்த மரபின் தொடக்கம் என்று சொல்வார்கள். இன்று அந்தப் பெயர் எவருடைய தனிச் சொத்தும் அல்ல. அதே பலகையின் கீழ் முட்டை பப்ஸ் விற்பதும் சாதாரணமாகிவிட்டது. எனவே பெயரைப் பார்த்து முடிவுசெய்யாமல், அந்த மரபுக்கே உரிய மூன்று பண்டங்களைக் கேட்டுப் பார்க்கவேண்டும். அவை காரா பன், தில்பசந்த், ஹனி கேக்.

காரா பன் இனிப்பு அல்ல என்றாலும் கடையின் கைப்பக்குவத்தை அதுவே முதலில் காட்டிக்கொடுக்கும். வெங்காயமும் பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் மாவோடு பிசையப்பட்டு உள்ளே எங்கும் பரவியிருக்கவேண்டும். மேலே மட்டும் தூவியிருந்தால் அது அலங்காரம். தில்பசந்தில் தேங்காயும் சர்க்கரையும் டூட்டி ஃப்ரூட்டியும் சேர்ந்த பூரணம் இருக்கும். தேங்காய் சீக்கிரம் கெடும் பொருள் என்பதால், கோடைக்காலத்தில் மாலைக்கு மேல் வாங்குபவர் ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு வாங்கவேண்டும். ஹனி கேக்கில் நிதானமாகப் பார்க்க வேண்டியது வெட்டிய பக்கத்தை. மேலே சிவப்பு ஜாம், அதன்மேல் தேங்காய்த்துருவல், கீழே தேனும் சர்க்கரையும் கலந்த பாகு ஊறிய கேக் என்று அடுக்கு தெரியும். நடுவில் வெளிறிய வறண்ட கோடு ஒன்று ஓடினால் பாகு ஊறவில்லை; அடியில் இருக்கும் தாளில் பாகு தேங்கி நின்றால், காய்ந்துபோன பழைய கேக்கை ஊறவைத்து ஒப்பேற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். நல்ல துண்டு விரலால் எடுக்கும்போது உடையாது, விரலிலும் வழியாது.

பிறந்தநாள் கேக்கைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. முதல்முறை அரைக்கிலோவுக்கு மேல் சொல்லாதீர்கள். முந்தின நாளே சொல்லிவிடுங்கள். முட்டை சேர்க்காதது வேண்டுமென்றால் தொலைபேசியில் சொன்னதோடு விடாமல் ரசீதிலும் எழுதி வாங்குங்கள்.

இனிப்புக் கடைக்கு வருவோம். முதலில் வாங்கிப் பார்க்க மைசூர்பாகே ஏற்றது. கெட்டி மைசூர்பாகில் சிறுசிறு துளைகள் இருக்கும். காய்ச்சிய நெய்யைக் கடலை மாவுப் பாகில் கொதிக்கக் கொதிக்க ஊற்றுவதால் உண்டாகும் துளைகள் அவை. தட்டில் கொட்டியபின் ஓரங்கள் ஆறிவிட, நடுவில் சூடு தங்கி மேலும் வேகும். அதனால் வெட்டிய துண்டில் நடுப்பகுதி சற்றுக் கருத்த பழுப்பாகத் தெரிந்தால் அது குறையல்ல, பக்குவம். நெய் மைசூர்பாகில் இந்தத் துளைகளை எதிர்பார்க்க வேண்டாம். அது வாயில் கரையவேண்டும். இரண்டிலும் சிக்கு வாடை வந்தால் அந்தக் கடையில் எண்ணெய்ப் பலகாரம் எதையும் வாங்காமல் திரும்பிவிடலாம். ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டுமென்றால் ஆவின் பாலகத்தில் கிடைக்கும் பால்கோவாவையும் மைசூர்பாகையும் ஒருமுறை வாங்கிச் சுவைத்துக்கொள்ளுங்கள். அதைவிட அதிக விலை கேட்கும் கடை அதைவிட நன்றாகவும் செய்யவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தான்.

தட்டில் வைத்து நிறுத்து விற்கும் இனிப்புகளுக்கும் எந்த நாளுக்குள் உண்ணவேண்டும் என்ற தேதியைக் கடையில் எழுதிவைக்கவேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வரும்படி உத்தரவிட்டது. அப்படி எழுதிவைக்கும் கடை நம் ஊர்களில் குறைவு. எழுதியிருந்தால் நல்லது, இல்லாவிட்டால் “இது எப்போ போட்டது?” என்று கூச்சப்படாமல் கேட்கலாம். கலாகண்டை அன்றன்றே தீர்த்துவிடவேண்டும், ரசகுல்லா வகைகள் இரண்டு நாள்தான் தாங்கும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். ஜாங்கிரியும் லட்டும் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருந்தால் தள்ளி நில்லுங்கள். 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி என்ற சாயம் கலந்திருப்பது தெரியவந்து, தமிழ்நாடு அரசு பஞ்சுமிட்டாய்க்குத் தடை விதித்தது நினைவிருக்கலாம். அடங்கிய நிறமுள்ள இனிப்பு நன்றாகவே இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. எனினும் அதைச் செய்தவர் நிறத்தை நம்பி வியாபாரம் செய்யவில்லை என்பது தெரிகிறது.

கடைகளோடு நின்றுவிட்டால் இந்த மாவட்டங்களின் இனிப்பில் பாதிதான் கிடைக்கும். கன்னடமும் தெலுங்கும் உருதுவும் தமிழோடு கலந்து புழங்கும் பகுதி இது. யுகாதி வரும்போது ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து வீடுகளில் பருப்பும் வெல்லமும் வைத்து ஒப்பட்டு செய்வார்கள். மேலே உருக்கிய நெய்யை ஊற்றிக்கொண்டு சூடாகச் சாப்பிடவேண்டிய பண்டம் அது. கண்ணாடி அலமாரியில் மடித்து அடுக்கியிருக்கும் போளியைச் சாப்பிட்டுவிட்டு ஒப்பட்டு இவ்வளவுதான் என்று முடிவுகட்டுவது அநியாயம். கச்சாயம், எள்ளுருண்டை, பொரி உருண்டை போன்றவற்றை வாரச்சந்தைகளில் தேடலாம். போச்சம்பள்ளி சந்தை ஞாயிற்றுக்கிழமை கூடும். சந்தையில் பலகாரக்காரரிடம் வெல்லப் பாகா சர்க்கரைப் பாகா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கரும்பு விளைந்து வெல்லம் காய்ச்சும் மாவட்டத்தில் சர்க்கரைப் பாகில் செய்த உருண்டையை வாங்குவதற்குக் காரணமே இல்லை. பண்டிகைக் காலத்தில் வீட்டிலேயே முறுக்கும் அதிரசமும் செய்து கொடுக்கும் பெண்கள் பல தெருக்களில் உண்டு. இவர்களுக்குப் பெயர்ப்பலகை இருக்காது. வீட்டுக்காரம்மாவையோ மளிகைக் கடைக்காரரையோ கேட்டால்தான் தெரியும்.

மாம்பழப் பருவத்தில் கிருஷ்ணகிரியில் இருப்பவர் கேக்கை மறந்துவிடலாம். ஏப்ரலில் தொடங்கி ஜூலை வரை செந்தூராவும் அல்போன்சாவும் பங்கனப்பள்ளியும் வந்துபோக, கடைசியில் நீலம் வந்து சேரும். மாங்கூழ்த் தொழிற்சாலைகளுக்குப் பெரும்பாலும் போவது பெங்களூரா ரகம். இவ்வளவு பழம் விளையும் ஊரிலும் எசென்ஸ் மணக்கும் மேங்கோ கேக்கும் மேங்கோ ஐஸ்கிரீமும் விற்கத்தான் செய்கின்றன. பழத்தைக் கண்முன்னே வெட்டிப்போடும் ஜூஸ் கடையாகப் பார்த்துப் போங்கள். டிசம்பரிலும் ‘ஃபிரெஷ் மேங்கோ’ என்று எழுதியிருக்கும் கடையில் என்ன ஊற்றுகிறார்கள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாங்கூழ் என்று நேர்மையாகச் சொன்னால் வாங்கிக் குடிப்பதில் தவறில்லை.

கேழ்வரகு பிஸ்கட்டுக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். கேழ்வரகு விளையும் மாவட்டங்கள் என்பதால் ‘ராகி’ என்று அச்சிட்ட பாக்கெட்டுகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. பாக்கெட்டின் பின்புறம் சேர்பொருள்களை எடை மிகுந்ததிலிருந்து குறைந்ததுவரை வரிசையாக எழுதவேண்டும் என்பது விதி. முதலில் மைதாவும் அடுத்துச் சர்க்கரையும் நான்காவதாகக் கேழ்வரகும் இருந்தால் அதை மைதா பிஸ்கட் விலைக்குத்தான் மதிக்கவேண்டும். கேழ்வரகு அதிகமுள்ள பிஸ்கட் கையில் எடுத்தாலே பொடியும், பார்வைக்கும் சற்று முரடாக இருக்கும். அதைக் குறை என்று ஒதுக்காதீர்கள்.

வெளியூருக்கு வாங்கிப் போகிறவர்கள் பால் இனிப்புகளையும் கிரீம் கேக்கையும் பேருந்துப் பயணத்துக்குத் தவிர்த்துவிட்டு, கெட்டி மைசூர்பாகு, எள்ளுருண்டை, ரஸ்க், நிப்பட்டு போன்றவற்றை எடுத்துக்கொள்ளலாம். புறப்படும் நாளன்று பேருந்து நிலையத்துக் கடையில் அவசரமாக வாங்காமல், முந்தின நாள் மாலையே உங்கள் கடையில் சொல்லிவைத்து, ஆறிய பிறகு பெட்டியில் அடைத்துத் தரச் சொல்லுங்கள். சூட்டோடு மூடிய பெட்டியில் வியர்த்துப்போகும் இனிப்பு, சென்னை போய்ச் சேர்வதற்குள் நமுத்துவிடும்.